மக்கள் ஓட்டு போட்ட பிறகு நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை? பிரெக்ஸிட் கதை

இது இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது நடுவுல வந்த 'அதாவது', 'ஆக்சுவலி' எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர் பண்ணியிருக்கேன்.

போன மாசம் ஆபீஸ் கேன்டீனில் ஒரு நண்பன் கேட்டான். "மச்சி, பிரிட்டன்ல மக்கள் ஓட்டு போட்டு வெளிய போறோம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குடா மூணரை வருஷம் பார்லிமெண்ட்ல அடிச்சுக்கிட்டாங்க? அப்போ ஓட்டுக்கு என்ன மதிப்பு?"

நான் டீயைக் குடிச்சுக்கிட்டே, "அரசியல்வாதிங்கன்னா அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்த பிறகுதான், அது எவ்வளவு சோம்பேறித்தனமான பதில் என்று புரிந்தது. அவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில்தான் இந்த எபிசோடு.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். போன வருஷம் ஒரு ஆப்பில் ஒரு மாத ஃப்ரீ ட்ரையல் எடுத்தேன். நிறுத்த மறந்துட்டேன். ஒரு வருஷப் பணம் அக்கவுண்டில் இருந்து போயிடுச்சு. கடைசி நாளில் நான் 'சரி' என்று எந்த பட்டனையும் அழுத்தவில்லை. ஆனால் ஒண்ணுமே பண்ணாமல் இருந்தால் பணம் போகும் என்றுதான் அங்கே செட் பண்ணியிருந்தார்கள். கோடு எழுதுகிறவர்கள் இதை டிஃபால்ட் என்று சொல்வோம். யாரும் எதையும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் டிஃபால்ட். இந்த வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. பிரெக்ஸிட்டில் நாடாளுமன்றம் பட்ட பாடு எல்லாம் இதற்குள் இருக்கிறது.

ஓட்டு எதைச் சொன்னது?

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1 சதவீதம். எண்ணிக்கையில் பார்த்தால் சுமார் 1 கோடியே 74 லட்சம் பேருக்கு எதிராக 1 கோடியே 61 லட்சம் பேர்.

கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ஐரோப்பிய யூனியனில் இருக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? எப்படி வெளியேறுவது என்று அந்தச் சீட்டில் இல்லை. யூனியனை விட்டுவிட்டு சிங்கிள் மார்க்கெட்டில் மட்டும் இருக்கலாமா? கஸ்டம்ஸ் யூனியனில் தொடரலாமா? எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகலாமா? 'வெளியேறு' என்று குத்தியவர்களில் இந்த மூன்றையும் விரும்பியவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. இந்த வாக்கெடுப்பை நடத்தச் சொன்ன 2015-ஆம் வருஷச் சட்டத்தில், முடிவு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. 2011-இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று பிரிட்டனில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதற்கான சட்டம், 'ஆமாம்' என்று வந்தால் அமைச்சர் புது முறையை அமலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கட்டளையே போட்டிருந்தது. 2015 சட்டத்தில் அது இல்லை. ஆனால், நீங்கள் முடிவு செய்வதை நாங்கள் நிறைவேற்றுவோம் என்று வீட்டுக்கு வீடு அனுப்பிய துண்டறிக்கையில் அரசாங்கம் சொல்லியிருந்தது. ஆக, அரசியல் ரீதியாக வாக்குறுதி கொடுத்தாயிற்று, சட்ட ரீதியாக ஒன்றும் எழுதப்படவில்லை. குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

பட்டன் யார் கையில்?

ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற ஒரு வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதுதான் ஆர்டிகிள் 50. வெளியேற விரும்பும் நாடு, தன்னுடைய அரசியலமைப்பு விதிகளின்படி முடிவெடுத்து, யூனியனுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுத்த நாளில் இருந்து ஆட்டோ மீட்டர் மாதிரி ரெண்டு வருஷம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் விலகல் ஒப்பந்தம் போட்டால் நல்லது. போடவில்லை என்றாலும் ரெண்டு வருஷம் முடிந்ததும் நீங்கள் வெளியே. காலக்கெடுவை நீட்டிக்க வேண்டும் என்றால் மற்ற 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.

கவனிச்சீங்களா? டிஃபால்ட் அங்கேயே எழுதியிருக்கு. யாரும் எதையும் முடிவு செய்யாவிட்டால், ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறுவது. 'நோ டீல்' என்று செய்திகளில் கேட்டிருப்பீங்களே, அது இதுதான்.

சரி, இந்த அறிவிப்பைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? அப்போது பிரதமராக வந்த தெரசா மே, எனக்குத்தான் என்றார். வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போடுவதும் முறிப்பதும் பிரிட்டனில் பரம்பரையாக மன்னரின் அதிகாரம். இன்று அதை மன்னர் பெயரில் அமைச்சர்கள் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை என்பது அரசின் வாதம்.

ஜினா மில்லர் என்ற தொழிலதிபரும் வேறு சிலரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அவர்களது வாதத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி. பிரிட்டனில் வெளிநாட்டு ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டம் ஆகாது. ஐரோப்பியச் சட்டங்கள் பிரிட்டனுக்குள் செல்லுபடியாகக் காரணம், 1972-இல் நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை ஒரு குழாய் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இந்தக் குழாய் உவமை வருகிறது. ஐரோப்பாவில் இருந்து உரிமைகள் அந்தக் குழாய் வழியாக பிரிட்டிஷ் மக்களிடம் வந்து சேர்கின்றன. ஒப்பந்தத்தை முறித்தால் குழாய் காய்ந்துவிடும். நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்ததை, அமைச்சர் ஒரு கடிதம் எழுதிப் பறிக்க முடியுமா?

முடியாது என்றது உயர் நீதிமன்றம், 2016 நவம்பரில். மறுநாள் ஒரு பத்திரிகை, அந்த மூன்று நீதிபதிகளின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பு வைத்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளில் 8 பேர் அதே தீர்ப்பைச் சொன்னார்கள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் அறிவிப்பு கொடுக்க முடியும்.

பிரிட்டன் வெளியேறலாமா கூடாதா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. பட்டன் யார் கையில் என்று மட்டும்தான் சொன்னது.

கையில் கிடைத்ததும் என்ன செய்தார்கள்?

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்த இடம் இது. ஊரே இரண்டுபட்டு, கோர்ட்டு வரைக்கும் போய் வாங்கிய அதிகாரம். அதை நாடாளுமன்றம் எப்படிப் பயன்படுத்தியது? அரசு கொண்டுவந்தது இரண்டே பிரிவுகள் கொண்ட ஒரு மசோதா. 2017 பிப்ரவரி 1 அன்று, நம்ம மக்களவை மாதிரியான காமன்ஸ் சபையில் 498 பேர் ஆதரவு, 114 பேர் எதிர்ப்பு. பிரபுக்கள் சபை இரண்டு நிபந்தனைகள் சேர்த்தது. அதில் ஒன்று, கடைசியில் வரும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது. காமன்ஸ் இரண்டையும் நீக்கிவிட்டது.

மார்ச் 29 அன்று பிரதமரின் கடிதம் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது. மீட்டர் ஓட ஆரம்பித்தது. 2019 மார்ச் 29 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியே.

யோசிச்சுப் பாருங்க. பேரம் பேச அவர்களிடம் அதிக பலம் இருந்தது அறிவிப்பு கொடுப்பதற்கு முன்னால். எப்படி வெளியேறப் போகிறோம் என்ற திட்டத்தைக் காட்டு, பிறகு அனுமதி தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மக்கள் தீர்ப்புக்கு எதிராக நிற்கிறார்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. அந்தப் பயத்தையும் குறை சொல்ல முடியாது. அவர்களை அங்கே அனுப்பியதும் அதே மக்கள்தானே.

மூணு தடவை 'வேண்டாம்'

மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்.பி.க்களுக்குத் தங்கள் நிலைமை புரிந்தது. மேயின் சொந்தக் கட்சிக்காரரான டொமினிக் கிரீவ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 2017 டிசம்பர் 13 அன்று 309-க்கு 305, நாலே ஓட்டு வித்தியாசத்தில் அரசு தோற்றது. அதன் விளைவாக 2018-ஆம் வருஷ விலகல் சட்டத்தில் 13-ஆவது பிரிவு வந்தது. ஒப்பந்தத்தை காமன்ஸ் சபை தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும், அதை அமல்படுத்தத் தனிச் சட்டமும் வேண்டும். அதன் பிறகுதான் அரசு அதை உறுதிப்படுத்த முடியும். இதைத்தான் 'மீனிங்ஃபுல் வோட்', அர்த்தமுள்ள ஓட்டு, என்றார்கள்.

2019 ஜனவரி 15 அன்று அந்த ஓட்டு நடந்தது. ஆதரவு 202, எதிர்ப்பு 432. 230 ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் இப்படித் தோற்றதில்லை. மே கட்சியிலேயே 118 பேர் எதிர்த்தார்கள்.

ஏன் இவ்வளவு எதிர்ப்பு? முக்கியக் காரணம் அயர்லாந்து எல்லை. வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கிறது, அயர்லாந்து குடியரசு தனி நாடு. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. பல வருஷ ரத்தக்களரிக்குப் பிறகு 1998-இல் அமைதி ஒப்பந்தம் வந்தது. அந்த எல்லையில் மறுபடியும் செக்போஸ்ட் வரக்கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து. அதற்காக ஒப்பந்தத்தில் 'பேக்ஸ்டாப்' என்று ஒரு ஏற்பாடு. வேறு நல்ல வழி கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை பிரிட்டன் முழுவதும் யூனியனோடு ஒரே சுங்கப் பகுதியில் இருக்கும். பிரிட்டன் மட்டும் தனியாக அதிலிருந்து விலக முடியாது. எம்.பி.க்கள் பயந்தது இதைப் பார்த்துத்தான். ஏன்னா இதுவும் ஒரு டிஃபால்ட்! பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால், நிரந்தரமாக இதிலேயே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்.

மார்ச் 12 அன்று இரண்டாவது ஓட்டு, 391-க்கு 242. மறுபடியும் தோல்வி. மார்ச் 29 அன்று மூன்றாவது முறை, 344-க்கு 286. மறுபடியும் தோல்வி. நடுவில் சபாநாயகர் ஜான் பெர்கோ, 1604-ஆம் வருஷத்து வழக்கம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, ஒரே கேள்வியை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் மார்ச் 13 அன்று நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறக் கூடாது என்று 321-க்கு 278 ஓட்டில் தீர்மானம் போட்டார்கள். கேட்க நல்லா இருக்கு இல்ல? ஆனால் அது வெறும் தீர்மானம். சட்டம் மாறவில்லை, ஆர்டிகிள் 50 மாறவில்லை. நான் ட்ரையலின் கடைசி நாளில் வீட்டு ஹாலில் நின்று "எனக்கு இந்த ஆப் வேண்டாம்" என்று சத்தமாகச் சொன்ன மாதிரிதான். பணம் போகத்தான் செய்யும்.

அப்போ அவர்களுக்கு என்னதான் வேண்டும்? மார்ச் 27 அன்று எட்டு வழிகளை வைத்து ஓட்டு போட்டுப் பார்த்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நாலு வழிகள். கஸ்டம்ஸ் யூனியனில் இருக்கலாம் என்ற யோசனை 273-க்கு 276 என்று மூணே ஓட்டில் போச்சு. எதற்கும் பெரும்பான்மை இல்லை. 2016 சீட்டில் கேட்காமல் விட்ட கேள்வி, மூணு வருஷம் கழித்து சபைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

டிஃபால்ட்டையே மாற்றினார்கள்

இந்த இடத்தில்தான் எம்.பி.க்கள் சிலர் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள். எதற்கும் 'ஆமாம்' சொல்ல முடியவில்லை, சரி. யாரும் 'ஆமாம்' சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மாற்றினால் என்ன?

லேபர் கட்சியின் இவெட் கூப்பரும், கன்சர்வேடிவ் கட்சியின் ஆலிவர் லெட்வினும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். காலக்கெடுவை நீட்டிக்கக் கேட்கும்படி பிரதமரைக் கட்டாயப்படுத்தும் நடைமுறை அது. ஏப்ரல் 3 அன்று காமன்ஸில் 313-க்கு 312, ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. கெடு கடைசியில் அக்டோபர் 31 வரை நீண்டது.

மே போய், ஜூலையில் போரிஸ் ஜான்சன் வந்தார். என்ன ஆனாலும் அக்டோபர் 31 அன்று வெளியேறுவோம் என்றார். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் இருந்து ஐந்து வாரம் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்க உத்தரவு வாங்கினார். மீட்டர் ஓடும்போது சபையைப் பூட்டினால் என்ன அர்த்தம்? டிஃபால்ட் ஜெயிக்கும் என்பதுதான் அர்த்தம்.

பூட்டுவதற்குள் கிடைத்த சில நாட்களில், ஹிலாரி பென் என்ற லேபர் எம்.பி. பெயரில் இன்னொரு சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 19-க்குள் சபை ஒப்பந்தத்தையோ, ஒப்பந்தம் இல்லாத வெளியேற்றத்தையோ ஏற்கவில்லை என்றால், பிரதமர் 2020 ஜனவரி 31 வரை நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தின் வாசகத்தையே சட்டத்தில் டெம்ப்ளேட் மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார்கள்! இதற்கு வழிவிட்ட ஓட்டில் அரசை எதிர்த்த 21 கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதில் சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸும் ஒருவர். பதவியும் எதிர்காலமும் போகும் என்று தெரிந்தே போட்ட ஓட்டு அது.

செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, சபையை முடக்கியது சட்டவிரோதம், அந்த உத்தரவே செல்லாது என்றார்கள். தலைமை நீதிபதி லேடி ஹேல் அன்று குத்தியிருந்த சிலந்தி ப்ரூச் இணையத்தில் பெரிய ஹிட் ஆனது. ஆனால் தீர்ப்பின் சாரம் அதைவிட முக்கியம். நியாயமான காரணம் இல்லாமல் நாடாளுமன்றத்தை அதன் வேலையைச் செய்ய விடாமல் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை.

அக்டோபர் 19 வந்தது. சனிக்கிழமை. 1982 ஃபாக்லண்ட்ஸ் போர் நேரத்துக்குப் பிறகு முதல் முறையாக சபை சனிக்கிழமை கூடியது. ஜான்சன் கொண்டுவந்த புது ஒப்பந்தத்துக்கு அன்றைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. இரவு அவர் கடிதத்தை அனுப்பினார். கையெழுத்துப் போடாமல்! கூடவே, நீட்டிப்பு நல்லதில்லை என்று கையெழுத்துப் போட்ட இன்னொரு கடிதம். ஆனாலும் நீட்டிப்பு கிடைத்தது. டிஃபால்ட்டை மாற்றியது வேலை செய்துவிட்டது.

அப்புறம் என்ன ஆச்சு?

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்லணும். வெளியேற ஓட்டு போட்டவர்களுக்கு மூணு வருஷமாக நடந்தது எல்லாம் இழுத்தடிப்பாகத் தெரிந்தது. 'வேண்டாம், வேண்டாம்' என்று மட்டும் சொல்லும் சபையைப் பார்த்து எரிச்சல் வராதா? அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தடுக்க முடிந்த நாடாளுமன்றத்தால், தனக்கு எது வேண்டும் என்று ஒரு முறை கூட உருப்படியாகச் சொல்ல முடியவில்லை.

2019 டிசம்பர் 12 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். ஜான்சனுக்கு 365 இடங்கள், 80 பெரும்பான்மை. எட்டே நாளில் விலகல் ஒப்பந்த மசோதா 358-க்கு 234 ஓட்டில் முதல் கட்டத்தைத் தாண்டியது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது. அந்த விலகல் ஒப்பந்தச் சட்டமே, அவ்வளவு சண்டை போட்டு வாங்கிய 13-ஆவது பிரிவையும் நீக்கிவிட்டது.

அதன் விலை அதே வருஷக் கடைசியில் தெரிந்தது. வெளியேறிய பிறகும் டிசம்பர் 31 வரை பழைய வர்த்தக விதிகளே தொடர்ந்தன. புதிய வர்த்தக ஒப்பந்தம் முடிவானது டிசம்பர் 24 அன்று. ஆயிரம் பக்கத்துக்கு மேல். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது டிசம்பர் 30 அன்று, ஒரே நாளில், இரண்டு சபைகளிலும். காமன்ஸில் 521-க்கு 73. யாராவது முழுசாகப் படித்திருப்பார்களா? ஆனால் 'வேண்டாம்' என்று சொன்னால் மறுநாள் இரவு எந்த ஒப்பந்தமும் இல்லை. மறுபடியும் பழைய டிஃபால்ட். இந்த முறை அதை மாற்ற நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

நண்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில்

மச்சி, ஓட்டுக்கு மதிப்பு இருந்தது. பிரிட்டன் வெளியேறிவிட்டது. ஆனால் அந்த ஓட்டு 'போகலாமா' என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். 'எப்படிப் போவது' என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். பிரதமர் தனியாக முடிவு செய்வதா, எல்லாத் தொகுதிகளில் இருந்தும் வந்தவர்கள் பேசி முடிவு செய்வதா? மூணரை வருஷம் நடந்த சண்டை அதற்குத்தான். சண்டை அசிங்கமாக இருந்தது, உண்மை. ஆனால் அது அந்த வேலைக்கு வெளியே நடந்த சண்டை இல்லை, வேலையே அதுதான்.

இனிமேல் எந்த நாட்டுச் செய்தியிலாவது 'நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை' என்று படித்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, எல்லாம் இருந்தபடி இருக்கும் என்றால், அந்த ஒப்புதலுக்கு உண்மையான பலம் இருக்கு. ஒப்புக்கொள்ளாவிட்டால் இதைவிட மோசமான ஒன்று தானாக நடக்கும் என்றால், அவர்கள் கையில் இருப்பது பாதி அதிகாரம்தான்.

அப்புறம் அந்த ஆப் விஷயம். இப்போதெல்லாம் ட்ரையல் எடுத்த அன்றைக்கே, முடியும் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால் போனில் ரிமைண்டர் வைத்துவிடுகிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.